பெருப்பிக்கக் கொடுத்த படம்

வவுனியா நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா கைப்பையிலிருந்து பொலித்தீன் பையொன்றை எடுத்தார். அதற்குள் மடித்த பேப்பர், பேப்பருக்குள் நாலு மூலையும் மழுங்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தபால் முத்திரையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். "இதப் பெருசாக்கித் தரணும் தம்பி, கருமாதிக்கு வேணும்" என்றார். கணினிக்கு முன்னால் இருந்த பொடியன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெருப்பிக்கலாம் அம்மா. கோட் போட்டு விடவோ?" என்று கேட்டான்.

மரணக் கிரியையை வடக்கார்போல 'அந்திரட்டி' என்று சொல்லாமல் 'கருமாதி' என்றதிலேயே அந்தக் குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விளங்கிவிட்டது. விசாரித்தேன். இப்போது நெளுக்குளத்தில் இருக்கிறார்கள். அதற்கு முதல் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். படத்தில் இருந்தவர் அவருடைய தகப்பனார். ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கென்று எடுத்த படம் அது, ஒட்டியிருந்த கடதாசியிலிருந்து உரித்தெடுத்தது. வலது தோளில் அரைவட்டமாக ஊதா மை படிந்திருந்தது. அரசாங்க முத்திரை ஒன்றின் பாதி. பொடியன் பின்னணியை நீலமாக்கினான், வாழ்நாளில் கோட் போட்டிராத மனிதருக்குக் கோட் போட்டான், அந்த அரைவட்டத்தை இரண்டு நிமிடத்தில் அழித்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரேயொரு தடயம் அந்த மைதான் என்று எனக்குப் பட்டது.

இந்த அரைவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிரேக்கப் படத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மரியா இலியூ இயக்கிய 'ஸ்மிர்னா: ஒரு பன்னாட்டு நகரத்தின் அழிவு, 1900–1922' என்ற ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. ஸ்மிர்னா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மிர். கிரேக்கர், ஆர்மீனியர், துருக்கியர், யூதர் ஆகியோரோடு, லெவான்தியர் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பிய வணிகக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த துறைமுக நகரம். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர். ஆனால் பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். விட்டால் போன்ற குடும்பங்களுக்குப் புறநகரில் தோட்டம் சூழ்ந்த மாளிகைகள் இருந்தன. 1922 செப்டெம்பர் 9ஆம் திகதி துருக்கியப் படை நகருக்குள் நுழைந்தது. 13ஆம் திகதி மூண்ட தீ கிரேக்க, ஆர்மீனியக் குடியிருப்புகளைத் தின்று தீர்த்தது. கடற்கரைச் சாலையில் இலட்சக்கணக்கானோர் ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் கடலுமாக நெருக்குண்டு நிற்க, நேச நாடுகளின் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றன. அடுத்த ஆண்டு லோசானில் ஒப்பந்தமாகி, ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்களும் நான்கு இலட்சத்துக்குக் கிட்டிய முஸ்லிம்களும் கிரேக்கத்துக்கும் துருக்கிக்குமிடையே கைமாற்றப்பட்டார்கள். சனங்களைப் பண்டமாற்றுச் செய்வதற்கு இரண்டு அரசாங்கங்கள் மேசையில் இருந்து கையெழுத்துப் போட்டன.

இந்தப் படத்தைத் தாங்குபவை அக்காலத்து ஒளிப்படங்களும் துண்டுத் துண்டான பழைய படச்சுருள்களும். இடையிடையே கைல்ஸ் மில்ற்றன், லைலா நெய்சி போன்ற ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். தீ வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது உடனே வருவதில்லை. முதலில் வாழ்க்கை வருகிறது. கடற்கரைச் சாலையில் தொப்பி வைத்த ஆண்கள், குடை பிடித்த பெண்கள், சுமை ஏற்றும் கூலிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று எடுத்த வகுப்புப் படம். அழிவைக் காட்ட வந்த படம் அழிவதற்கு முன்னிருந்ததைப் பொறுமையாகக் காட்டுகிறது. இதைத்தான் நான் அந்தப் படத்தின் பெரிய பலமாகக் கருதுவேன்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். அதில் தெரியும் ஸ்மிர்னா பெரும்பாலும் கமராவுக்கு முன்னால் நிற்க வசதியிருந்தவர்களின் ஸ்மிர்னா. பின்தெருக்களில் கிடந்தவர்கள் சட்டகத்தின் ஓரத்தில்தான் வந்து போகிறார்கள். ஒளிப்படங்களை மட்டும் நம்பி ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்பினால், யாரிடம் கமரா இருந்ததோ அவர்களுடைய நினைவே வரலாறாகிவிடும்.

அசையாத படத்தை அசையவைக்கும் இந்தக் கலைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1957இல் கனடாவின் தேசிய திரைப்பட வாரியம் 'சிற்றி ஒஃப் கோல்ட்' என்ற குறும்படத்தை வெளியிட்டது. இயக்கம் கொலின் லோ, வுல்ஃப் கோனிக். 1890களின் கடைசியில் பொன் தேடி யூகொன் பிரதேசத்துக்கு ஓடிய ஆயிரக்கணக்கானோரின் கதை. ஈ. ஏ. ஹெக் என்ற படப்பிடிப்பாளர் கண்ணாடித் தகடுகளில் எடுத்துவைத்த படங்களே அதன் மூலப்பொருள். பனிமலைச் சரிவில் எறும்பு வரிசைபோல ஏறும் மனிதர்களின் மேல் கமரா மெல்ல நகரும்; பிறகு ஒருவனிடம் போய் நிற்கும். படம் தொடங்குவதோ அது எடுக்கப்பட்ட காலத்து யூகொனின் டோசன் நகரத்தில், அசையும் காட்சியில்: கிழவர்கள் வெயில் காய்கிறார்கள், பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். அங்கிருந்து உறைந்த படங்களுக்குள் போய், மறுபடி அசைவுக்குத் திரும்புகிறது. உயிரோடிருப்போர் அசைகிறார்கள், போனவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். இதைவிட எளிமையான இலக்கணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிற்காலத்தில் கென் பேர்ன்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தொடர் எடுத்தபோது இந்தப் படத்திடம் கற்றதாகச் சொன்னார். இன்று கைத்தொலைபேசியில் கலியாணப் படங்களைக் கோத்துப் பாட்டுப் போடும் செயலியும் அதே நகர்வைத்தான் செய்கிறது.

கமரா எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதில்தான் இயக்குநரின் தீர்ப்பு இருக்கிறது. தோட்டத்துப் படமொன்றை எடுத்தவன் வெள்ளைக்காரத் துரையை நடுவில் நிறுத்தியிருப்பான். நாற்பது வருடம் கழித்து வரும் இயக்குநர் துரையைத் தாண்டிப் போய், பின்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணிடம் நின்றுவிடலாம். படம் அதேதான், கதை மாறிவிடும்.

இனி நமது கதைக்கு வருகிறேன்.

மன்னார் வீதியில் நெளுக்குளத்தைத் தாண்டி மேற்கே போனால் பம்பைமடு, அதற்கப்பால் செட்டிகுளம். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதை செட்டிகுளத்தின் ஊடாகச் செல்கிறது. 1960களின் கடைசியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, கண்டியிலும் ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் ஏறிய குடும்பங்கள் இந்தப் பாதையால்தான் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய்க் கப்பலேறின. அழுகைக் கோச்சி என்று மலையகத்தில் அந்த ரயிலுக்குப் பெயர். ஏறுபவர்களும் அழுவார்கள், மேடையில் நிற்பவர்களும் அழுவார்கள். ஒரு குடும்பத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக இரு அரசுகளும் பங்கிட்டன. லோசானில் மதத்தை வைத்துப் பிரித்தார்கள், இங்கே எண்ணிக்கையை வைத்து. முதலில் தொகையைத் தீர்மானித்துவிட்டு, பிறகு அந்தத் தொகைக்கு ஆட்களைத் தேடினார்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களின் தொகையோ குறைவு. இந்தியா ஏற்ற தொகையை அது எட்டவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன் அடித்த டிசெம்பர்ப் புயல், அதுவரை கப்பல் போய்ச் சேர்ந்த தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கே போனது. கப்பல் சேவை 1984இல் நின்றபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டிருந்தார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பலர் நீலகிரிக்குப் போனார்கள். 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னர் டான்டீ என்ற கூட்டுத்தாபனமாகி, இவர்களைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைச் செடிக்கு முன்னால் நிறுத்தியது.

இன்னொரு கூட்டம் கப்பலேறாமல் வடக்கே திரும்பியது. 1970களின் உணவுப் பஞ்சம் ஒரு அலை, 1977 ஓகஸ்ட் வன்செயல் இன்னொன்று. வவுனியாவைச் சுற்றிக் காடு வெட்டிக் குடியேறினார்கள். கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. இருவரும் 1983 ஏப்ரிலில் கைதானார்கள். ராஜசுந்தரம் அவ்வருடம் ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கருமாதிக்குப் படம் பெருப்பிக்க வந்த அந்த அம்மாவின் குடும்பம் வந்ததும் இந்த அலைகளில் ஒன்றில்தான்.

அதே தோட்டங்களிலிருந்து அதே பத்தாண்டில் இன்னொரு சமூகமும் மறைந்தது: வெள்ளைக்காரத் துரைமார். 1972இன் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய திருத்தமும் அவர்களுடைய காலத்தை முடித்துவைத்தன. 'எக்ஸ்பற்றியேற்' (வேற்று நாட்டில் தங்கி வாழ்வோர்) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உண்மையில் உரியவர்கள் அவர்கள்தான்; ஓய்வுக்குப் பிறகு திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. நூறு நூற்றைம்பது வருடம் லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களை அந்தச் சொல்லுக்குள் அடைத்தது சட்டம். துரை கப்பலில் ஆல்பங்களைக் கொண்டுபோனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் காலனிக் காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களின் ஆல்பங்களையும் வீட்டுப் படச்சுருள்களையும் சேகரித்துப் பாதுகாக்கிறது. தொழிலாளி கொண்டுபோனது ஒரு ட்ரங்குப் பெட்டி.

துரைமார் பற்றி ஸ்மிர்னா போன்றதொரு படம் எடுப்பது நாளைக்கே முடியும். பொருள் அத்தனையும் இருக்கிறது, பெயரோடும் திகதியோடும். தொழிலாளியைப் பற்றி எடுக்கப் போனால்தான் சிக்கல் தொடங்கும்.

படமே இல்லை என்றில்லை. தேயிலை வியாபாரத்துக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்களை எத்தனையோ தரம் எடுத்திருக்கிறார்கள். தபால் அட்டை, தேயிலைப் பெட்டி, விளம்பரம் எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கிறார்கள், பெயர் மட்டும் இல்லை. இந்தப் பழக்கம் தேயிலைக்கு முந்தியது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர், கணவரின் கோப்பித் தோட்டங்கள் இங்கே இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் எடுத்தவர். களுத்துறையில் அவர் எடுத்த ஒரு படத்தில் மூன்று கிராமத்தவர்கள் நிற்கிறார்கள். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, அவளுடைய தந்தை என்று சொல்லும் கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்று கமரன் குறிப்பு எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டு எழுத அவருக்குத் தோன்றவில்லை. 1877இல் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் அதே கமரா எடுத்தது. அந்தப் படத்துக்குப் பெயர் உண்டு.

1934இல் பாசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலக ஆவணப்படங்களின் வரலாற்றில் பெரிய இடம் பிடித்தது. காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. ஆனால் தேயிலைத் தொழிலாளிக்கு அதில் கிடைத்த இடம் சொற்பம். புத்தரும் நடனமும் மீனவர்களும்தான் படத்தை நிரப்புகிறார்கள். தேயிலைக் காசில் எடுத்த படத்திலேயே நிலைமை இது.

ஆக, மலையகத்து மனிதர் தன் பெயரோடு, தன் முகத்தோடு, நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கும் படம் எங்கே இருக்கிறது? குடியுரிமை விண்ணப்பத்தில், கடவுச்சீட்டில், அடையாள அட்டையில். பல குடும்பங்களில் முதலாவதும் கடைசியுமான படம் அதுவாகத்தான் இருந்தது. அரசாங்கம் கேட்டபடியால் எடுத்த படம். நீ இந்த நாட்டவன் இல்லை என்று சொல்வதற்காகவே எடுக்கச் சொன்ன படம். அந்தப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. கழுத்து விறைத்து, கண் சற்று அகன்று, பின்னால் வெள்ளைத் துணி. கூர்ந்து பார்த்தால் துணியின் மடிப்புத் தெரியும்.

மிஞ்சியதையும் வன்னிப் போர் தின்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே குடும்ப ஆல்பம் ஆபத்தான பொருள். இயக்கத்துக்குப் போன பிள்ளை ஒரு படத்தில் நின்றால் அதைக் கத்தரித்தார்கள், எரித்தார்கள், போத்தலில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். கத்தரித்த படமொன்றை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்: பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, அவளுடைய தோளில் நாலு விரல். விரலுக்குரிய ஆள் இல்லை. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் சனம் வவுனியாவின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. அவற்றில் மிகப் பெரியது செட்டிகுளத்துக்கு அருகே மெனிக் பாம். ஒரு காலம் அழுகைக் கோச்சி போன அதே செட்டிகுளம். கடலுக்கும் களப்புக்கும் இடையில் பொருள் பொருளாகக் கைவிட்டு வந்தவர்கள் கடைசிவரை விடாதது அடையாள அட்டையை. சோதனைச் சாவடியில் உயிரைக் காப்பாற்றுவது அதுதானே. இப்படி இரண்டாந்தரமும் எஞ்சியது அரசாங்கத்துக்கென எடுத்த படம்தான்.

நம்மைப் பற்றிய படங்களுக்குப் பஞ்சமில்லை என்று யாரும் வாதிடலாம். உண்மைதான், 1983இன் எரிந்த கடைகள், 2009இன் கூடாரங்கள். எல்லாம் தீப்பிடித்த பிறகு எடுத்தவை. ஸ்மிர்னாப் படம் பொறுமையாகக் காட்டிய அந்த முற்பகுதி, தீக்கு முந்திய சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, நம்மிடம் இல்லை.

இல்லாத படத்துக்கு என்ன செய்வது? ஒரு வழியை ஓவியர் தா. சனாதனன் காட்டியிருக்கிறார். 2011இல் வெளிவந்த 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற அவருடைய நூலில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தாமே கீறிக் கொடுத்தார்கள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் பதிவேட்டு வடிவத்தையே எடுத்து அதற்குள் சனங்களின் நினைவை நிரப்பிய கெட்டித்தனம் அது. கிணறு எங்கே, முருங்கை எங்கே என்று தடுமாறிக் கீறிய கோடுகள் எந்த ஒளிப்படத்தையும்விடச் சில இடங்களில் அதிகம் சொல்கின்றன.

சினிமாவிலும் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். கடவுச்சீட்டுப் படத்தைத் திரை நிறையக் காட்டி, முத்திரையை அழிக்காமல், கமராவை அந்த அரைவட்ட மையிலிருந்து தொடங்கி முகத்துக்குக் கொண்டுபோகலாம். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்துப் பசைக் கறையையும் பதிவு இலக்கத்தையும் காட்டலாம். நெளுக்குளத்தில் இருக்கும் தங்கையின் குரலையும் கூடலூரில் இருக்கும் அக்காவின் குரலையும் அதே முகத்தின் மேல் ஒலிக்கவிடலாம். குதிரைக் குளம்பொலி, ரயில் கூவல் என்று பழைய படங்களுக்குச் சத்தம் சேர்க்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். விறைத்து நிற்கும் அந்த முகத்துக்கு அமைதிதான் பொருந்தும்.

2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் காட்டுவழியாக நடந்த திசையில் நடை. அந்த ஊர்வலத்தின் கைத்தொலைபேசிப் படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, பெயரோடும் சிரிப்போடும். அசையும் காட்சிக்கு இனிக் குறைவில்லை. குறைவது பழைய, அசையாத படங்கள்தான். அவை இப்போது வவுனியாவின் வீடுகளில் பிஸ்கட் ரின்னுக்குள்ளும் அலுமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியிலும் கிடக்கின்றன. கறையான் ஒரு பக்கம், 'பழைய குப்பை' என்று ஒதுக்கும் பேரப்பிள்ளைகள் மறுபக்கம்.

ஸ்ரூடியோவில் அந்த அம்மா பெருப்பித்த படத்தை வாங்கிப் பார்த்தார். கோட் போட்ட தகப்பனாரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். பிறகு, "அந்தச் சின்னப் படத்தயும் குடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கி, அதே பேப்பரில் மடித்து, அதே பொலித்தீன் பையில் வைத்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தால், பெருப்பிக்கக் கொடுக்குமுன் உள்ளபடியே ஒரு தரம் ஸ்கான் செய்து வையுங்கள். முத்திரையும் கிழிசலும் பின்பக்கமும் சேர்த்து. முடிந்தால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். படத்தின் பின்னால் பெயரையும் தோட்டத்தையும் பிரிவையும் ஏறத்தாழ ஆண்டையும் எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா வேண்டாம், மை முகத்துக்கு ஊறிவிடும்.